ஆடாத கொம்பு

செடின்னா வெளிச்சத்தைப் பார்த்துதானேங்க போகும், அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, செருப்பைக் கழட்டி, நகத்துக்குள்ள இருந்த மண்ணெல்லாம் தேய்ச்சுக் கழுவிட்டு அவ உள்ரூமை எட்டிப் பார்க்கும்போது, ஜன்னலோரம் வெச்சிருந்த தொட்டியில அந்தக் கொடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கட்டிலைப் பார்த்து நீட்டிக்கிட்டு நின்னுச்சு. காலையில கிளம்பும்போது அதோட நுனி கண்ணாடியிலதான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு அவளுக்கு.

அண்ணிதான் தொட்டியைத் திருப்பி வெச்சிருப்பாங்கன்னு நினைச்சா. வீட்டுக்காரரோட அக்கா அவங்க. பின்தெருவுல வீடு. இவ வேலைக்குப் போற நேரமெல்லாம் அவங்கதான் வந்து தம்பியைப் பார்த்துக்கறாங்க. கேட்டதுக்கு, "நான் எதுக்கும்மா அதைத் தொடப் போறேன், கிட்டப் போனாலே ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துட்ட வாடை வருது"ன்னு மூக்கைச் சுருக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இவ தொட்டியைத் திருப்பி, நுனியை மறுபடி கண்ணாடிப் பக்கம் விட்டா. அதோட விட்டுட்டா. அதுக்கு மேல யோசிக்க அவளுக்குத் தெம்பும் இல்லை, அக்கறையும் இல்லை.

ஒரே பக்கமா காலை மடிச்சு உக்கார்ந்துட்டு எழுந்தா மரத்துப் போயிடுமே, கையால தொட்டா வேற யாரோட காலையோ தொடற மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு பூரா, மனசு பூரா அப்படித்தான் இருந்துச்சு, வீட்டுக்காரரு விழுந்ததுல இருந்து. அவரு லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும் லிப்ட் சத்தத்தைக் காது குடுத்துக் கேட்டு, "இதுக்கு பெல்ட் போகப் போகுது பாரு"ன்னு சொல்ற ஆளு. ஒரு நாள் மொட்டை மாடியில மோட்டார் ரூமுக்குள்ள போனவரை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. பக்கவாதம். இப்போ கண்ணு திறந்து மூடும், கரைச்சு ஊத்துனா முழுங்குவாரு, அவ்வளவுதான். அழ வேண்டிய நாளெல்லாம் இவ அழலை. ஆஸ்பத்திரி வராந்தாவுல அண்ணி மாரடிச்சுக்கிட்டு அழுதுட்டு, பக்கத்துல திரும்பிப் பார்த்து, "உனக்குக் கண்ணுல தண்ணியே ஊறாதாம்மா"ன்னு கேட்டாங்க. ஊறலைன்னு சொன்னா. நிஜமாவே ஊறலை.

அவ வேலை பார்க்கறது ஊருக்கு வெளிய ஒரு பெரிய செடி நர்சரியில. கண்ணாடிக் கொட்டகைக்குள்ள வரிசை வரிசையா தொட்டி இருக்கும், தொட்டிக்கு ஒரு கொம்பு, கொம்புல கொடியைக் கட்டணும். கேக்கறதுக்கு லேசா இருக்கும், ஆனா கம்பியில கட்டுனா தண்டை அறுத்துடும், பிளாஸ்டிக் கயிறு உராசிடும். துவைச்சுத் துவைச்சு நைஞ்ச பருத்தித் துணியைக் கிழிச்சுதான் கட்டணும். அதனால அங்க வேலை பார்க்கற பொம்பளைங்க எல்லாரும் வீட்டுல இருக்கற பழைய துணியைக் கொண்டு வந்து போடறது வழக்கம். கட்டுறதுலயும் ஒரு முறை இருக்கு. எட்டு மாதிரி கட்டணும். ஒரு வளையத்துல கொம்பு, இன்னொரு வளையத்துல தண்டு, நடுவுல துணி குறுக்க வரணும், தண்டு பருக்கறதுக்கு ஒரு விரல் நுழையற இடம் விடணும். இவ கட்டுனா கட்டு அவிழ்ந்ததே கிடையாது. அதனாலயே அங்க எல்லாரும் இவளை முடிச்சுன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்டுக்காரரு நல்லா இருந்தப்போ கிண்டல் பண்ணுவாரு, "தூங்கும்போது என்னையும் ஒரு கொம்புல கட்டிடாதே தாயே"ன்னு.

படுக்கையில விழுந்த ஆளுக்கு முழுசா முன்னாடி திறக்கற கவுன்தான் சௌகரியம். சட்டை எதுக்கு? அவரோட அரைக்கைச் சட்டையெல்லாம் நல்ல பருத்தி, கிரீஸ் வாடை துவைச்சும் போகாம ஊறிக் கிடக்கும். ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போய்க் கிழிச்சா. பக்கத்துல கட்டிக்கிட்டிருந்தவ பார்த்துட்டு, "ஏய் முடிச்சு, ஆளு இருக்கும்போதேவா சட்டையைக் கிழிப்பே?"ன்னா. நைஞ்ச துணிதானேன்னு சொல்லிட்டு இவ பாட்டுக்குக் கிழிச்சுக்கிட்டே இருந்தா. டர்ருன்னு சத்தம் வந்துச்சே ஒழிய, அவளுக்கு உள்ள ஒண்ணும் கிழியலை.

அந்தச் சட்டைத் துணியில அவ கட்டுன வரிசைதான் இந்த மணிக்கொடி. எங்கியோ மேகத்துக்கு மேல இருக்கற மலையில வளர்ற இனமாம், அதுலயே ஏகப்பட்ட வகை இருக்காம், அட்டையில எழுதியிருக்கற பேரு யாரு வாயிலயும் நுழையாது. நூல் மாதிரி தண்டு, மண்ணுக்குள்ள விரல் விரலா கிழங்கு. பூ மணி மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பூக்கும். வெளியில பார்த்தா வெளுத்துப் போன நீலம், சாயம் போன பாவாடை மாதிரி. முகவாய்க்கட்டைக்குக் கீழ ரெண்டு விரலைக் குடுத்துக் குழந்தை முகத்தைத் தூக்கற மாதிரி தூக்கிப் பார்த்தாதான் உள்ள இருக்கறது தெரியும். கருஞ்சிவப்புல வளையம், அதுக்குள்ள இன்னொரு வளையம், நடுவுல தொண்டைக்குழி மாதிரி ஒரு இருட்டு. தொட்டுட்டா போச்சு, அந்த வாடை கையை விட்டுப் போகாது.

கொட்டகை பூரா எந்தக் கொம்பையும் பிடிக்காம மண்ணுலயே சுருண்டு கிடந்த கொடி, இவ சட்டைத் துணி சுத்துன கொம்பை மட்டும் கிடுகிடுன்னு பிடிச்சுக்கிச்சு. ஆனா வாங்கிட்டுப் போனவங்க வாடை தாங்காமத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வீணாப் போகுதேன்னு சூப்பர்வைசர் இவளுக்கு ஒரு தொட்டியைக் குடுத்தாரு. படுத்தே கிடக்கற மனுஷன், பார்க்கறதுக்குப் பச்சையா ஏதாவது இருக்கட்டுமேன்னு இவ தூக்கிட்டு வந்து ஜன்னல்ல வெச்சா. அவ்வளவுதாங்க நடந்தது.

அந்த வாரம் பிசியோ பொண்ணு வந்து கை காலை நீட்டி மடக்கிவிட்டுட்டு, ஒரு விரலாவது தானா அசைஞ்சா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறிடலாம், ஆனா இன்னும் ஒண்ணுமே இல்லையேன்னு உதட்டைப் பிதுக்கினா. அண்ணி அதுக்கப்புறம் சமையல் ரூம்ல நின்னுக்கிட்டு, குரலை இறக்கிப் பேசினாங்க. என் முட்டி தேஞ்சு போச்சு, ஆம்பளை உடம்பைப் புரட்டிப் போட முடியலை, படுக்கையில கிடக்கறவங்களைப் பார்த்துக்கற ஒரு ஹோம்ல விசாரிச்சிருக்கேன், திங்கக்கிழமை காலையில வேன் வரும்னாங்க. விரல் அசைஞ்சா வேனை வேண்டாம்னுடலாம், நானே சொல்றேன்னாங்க. அவங்க சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லை. இவ தலையை ஆட்டினா. ஆட்டும்போது, உள்ள எங்கியோ ஆழத்துல, மரத்துப் போன காலுக்குள்ள முதல் ஊசி குத்துற மாதிரி ஒண்ணு குத்துச்சு. அந்த ஹோமை அவ பார்த்திருக்கா. வரிசை வரிசையா கட்டில். நர்சரி மாதிரியே.

மறுநாளும் கொடி கட்டிலைப் பார்த்து நின்னுச்சு. அதுக்கு மறுநாளும். அவ ஒரு துணியை எடுத்து, ஜன்னல் கம்பியோட சேர்த்து எட்டுக் கட்டு கட்டினா. சாயங்காலம் வந்து பார்த்தா கட்டு அப்படியே இருந்துச்சு, முடிச்சு இம்மியும் நகரலை. ஆனா வளையத்துக்குள்ள தண்டு இல்லை. மோதிரத்துல இருந்து விரலை உருவிக்கிட்ட மாதிரி, வெறும் துணி வளையம் காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு.

அன்னிக்கு அவ கட்டில் பக்கத்துல உக்கார்ந்து, அவரு கையை மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா. வெளியில வெயில் இறங்கிக்கிட்டிருந்துச்சு, கட்டடத்து லிப்ட் எங்கியோ மேல போய் நின்னு, கதவு திறந்து மூடற சத்தம் கேட்டுச்சு, பக்கத்து வீட்டுல யாரோ நாற்காலியை இழுத்தாங்க, போர்வைக்குள்ள இருந்து அந்த வாடை லேசா, ரொம்ப லேசா வந்துச்சு. அப்போ அவரோட மோதிர விரல் எழுந்திருச்சு. மெதுவா மேல வந்து, ஒரு பக்கமா சாஞ்சு, காத்துல ஒரு சின்ன வட்டம் போட்டுட்டு, திரும்பவும் அவ மடியில படுத்துக்கிச்சு.

பிசியோ பொண்ணு ஓடி வந்தா. இன்னொரு தடவை விரல் வட்டம் போட்டதைப் பார்த்துட்டு அண்ணி குலுங்கிக் குலுங்கி அழுதாங்க, தம்பி நெத்தியில முத்தம் குடுத்தாங்க. அந்தப் பொண்ணுக்கும் சந்தோஷம்தான், ஆனா புருவத்தைச் சுருக்கிக்கிட்டு, "விரல் மடங்கி நிமிரத்தான் பார்த்திருக்கேன் அக்கா, இது ஒரே பக்கமா சுத்துது. திங்கக்கிழமை காலையில டாக்டரையும் கூட்டிட்டு வந்து காட்டறேன்"னுட்டுப் போனா. வேன் வரட்டும், டாக்டர் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்னு அண்ணி சொன்னாங்க.

எல்லாரும் போனதும் இவ படுக்கையை மாத்தறதுக்காகப் போர்வையை விலக்கினா.

கட்டிலுக்கு அடியில போய், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஏறி, விரிப்புக்கு அடியில ஊர்ந்து வந்திருந்துச்சு தண்டு. வெளிச்சம் படாததால வெளுத்துப் போய், சேமியா மாதிரி. மணிக்கட்டைச் சுத்தி, உள்ளங்கையைக் குறுக்க கடந்து, மோதிர விரலைப் பிடிச்சிருந்துச்சு. இறுக்கலை. ஒரு விரல் நுழையற இடம் விட்டு, நடுவுல குறுக்க வந்து, எட்டு மாதிரி. அவ கட்டுற மாதிரியே.

கத்தணும்னு தோணலை. செடி வெட்டற கத்தரியை எடுத்துட்டு வந்து நறுக்கினா. விரல் பொத்துன்னு விழுந்துச்சு, ஸ்விட்சை அணைச்ச மாதிரி. அறுபட்ட இடத்துல பால் கசிஞ்சுச்சு, அதுல கிரீஸ் வாடையும் கலந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் விரல் அசையலை. அண்ணி வந்து அவரு கையைப் பிடிச்சுக்கிட்டுத் தம்பி தம்பின்னு கூப்பிட்டுப் பார்த்தாங்க. ம்ஹூம்.

மறுநாள் நர்சரியில மதியம் கஞ்சி குடிக்கும்போது சூப்பர்வைசர்கிட்ட இவ பேச்சோட பேச்சா கேட்டா, இந்தக் கொடிக்கு என்னதான் பிடிக்கும்னு. அவரு அரட்டைக்காரரு. ஆடற கொம்பை அது விட்டுடும், ஆடாத கொம்பு கிடைச்சா விடவே விடாதுன்னாரு. மலையில இதைப் பறிச்சுட்டு வந்தவன் ஒரு ஆட்டைப் பார்த்தானாம். பனிக்குள்ள நின்னுக்கிட்டிருந்துச்சாம், உடம்பு பூரா கொடி, பூவாத் தொங்குச்சாம். கிட்டப் போனப்புறம்தான் தெரிஞ்சுச்சாம், செத்து ரொம்ப நாளாச்சுன்னு. "ஆனா பாரு முடிச்சு, ஆடு நின்னுச்சாம். அது மட்டும் இல்லை, தலையைத் திருப்பி அவனைப் பார்த்துச்சாம். கதை விடறானுங்க"ன்னு சிரிச்சாரு. இவளும் சிரிச்சா. கஞ்சித் தூக்குப்போசியைக் கழுவி மூடினா.

வீட்டுக்கு வந்தா. தொட்டியைத் தூக்கினா. ஜன்னல்ல இருந்து எடுத்துக் கட்டில் தலைமாட்டுல, அவரு தோளுக்குப் பக்கத்துல வெச்சா. கொம்பைப் பிடுங்கிப் போட்டா. அவரைப் புண்ணு வராம இருக்க வேளா வேளைக்குப் புரட்டிப் போடணும், அது இத்தனை நாளும் அவ ஒரு தடவைகூட மறக்காத வேலை. அன்னிக்குப் புரட்டலை. மறுநாள் அண்ணி புரட்டறேன்னு வந்தப்போ, இப்பத்தான் புரட்டினேன் அண்ணி, தொடாதீங்கன்னு சொன்னா. பொய் சொல்லும்போது குரல் நடுங்கலை. அவரு மட்டும் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தாரு. மூடினாரு. திறந்தாரு. மூடினாரு. வேண்டாம்னு சொல்றாரோ? என்ன சொல்றாரோ. இவ போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டா.

ஞாயித்துக்கிழமை பகல்ல அவரு கை மொத்தமா எழுந்திருச்சு. முழங்கையில இருந்து மேல வந்து, காத்துல தேடற மாதிரி சுத்தி, பக்கத்துல நாற்காலியில உக்கார்ந்திருந்த அண்ணி கையைப் பிடிச்சுக்கிச்சு.

அண்ணி முகத்தைப் பார்க்கணுமே, அப்படியே மலர்ந்து போச்சு. "எங்கம்மா செத்தப்போ பிடிச்சிருந்தான், அதே பிடி. நான் எங்கியும் போகலை, இப்படியே இருக்கேன்"னாங்க. எழுந்திருக்கலை. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டதுக்கும் வேண்டாம்னுட்டாங்க. அசைஞ்சா விட்டுடுவானோன்னு பயமா இருக்கும்மான்னு, பச்சப் பிள்ளை தூங்கறப்போ பேசற மாதிரி மெல்லமா சொன்னாங்க.

வாசப்படியில நின்னு இவ பார்த்தா. போர்வை ஓரத்துல இருந்து ஒரு வெளுத்த நுனி எட்டிப் பார்த்துச்சு. அண்ணியோட மணிக்கட்டு மேல சாஞ்சுச்சு. ஒரு வட்டம். தேடுச்சு. இன்னொரு வட்டம்.

சொல்லணும். அண்ணி, கையை எடுங்க. மூணே வார்த்தை.

திங்கக்கிழமை வேன் வரும். டாக்டர் வருவாரு. கை அசையணும்.

இவ கதவைச் சாத்திட்டு முன்ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டா.

விடிஞ்சப்புறம்தான் முழிப்பு வந்துச்சு. நல்ல வெளிச்சம். வாடை வீடு பூரா இருந்துச்சு, ஈரமா, கனமா, நாக்குல ஒட்டற மாதிரி. உள்ரூம்ல இருந்து சத்தம் இல்லை. குறட்டை இல்லை, இருமல் இல்லை. ஏதோ ஒண்ணு மட்டும் லேசா உரசற சத்தம். நைஞ்ச துணியை மெதுவா இழுக்கற மாதிரி.

அண்ணின்னு கூப்பிட்டா. இன்னொரு தடவை கூப்பிட்டா.

கதவைத் தள்ளினா. முழுசா திறக்கலை, உள்ள எதுவோ மெத்துன்னு தடுத்துச்சு. பக்கவாட்டுல நுழைஞ்சா.

அண்ணி நாற்காலியிலதான் இருந்தாங்க. முதுகு தெரிஞ்சுச்சு. நேரா, ரொம்ப நேரா உக்கார்ந்திருந்தாங்க, முட்டி வலிக்காரங்க அப்படி உக்காரவே மாட்டாங்க. கொண்டைக்குள்ள இலை. தலை மட்டும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வெளுத்த நீலத்துல, தோள் பூரா, மணி மணியா பூ.

கட்டில் காலியா இருந்துச்சு.

அவரு ஜன்னல்கிட்ட நின்னாரு.

நின்னாரு. கவுன் முன்னாடி திறந்து கிடக்க, ரெண்டு காலையும் ஊன்றி. கணுக்கால்ல எட்டு. முட்டியில எட்டு. இடுப்புல எட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு விரல் நுழையற இடம். உடம்பு லேசா சுத்திக்கிட்டிருந்துச்சு, ஒரே பக்கமா, மெதுவா. ஜன்னலுக்கு முதுகு வந்துச்சு. முகம் வந்துச்சு. கண்ணு திறந்துச்சு, மூடுச்சு. வாய் திறந்திருந்துச்சு. உள்ள வளையம். அதுக்குள்ள வளையம்.

கீழ வேன் ஹாரன் அடிச்சுச்சு. லிப்ட் கிளம்பற சத்தம். பேச்சுக் குரல், பிசியோ பொண்ணோட சிரிப்பு.

ஓடணும். கால் எழும்பலை. குனிஞ்சு பார்த்தா, பாதத்துக்கு மேல பச்சை. எப்போ வந்துச்சு? தெரியலை. ஒண்ணுமே தெரியலை. வேற யாரோட காலையோ பார்க்கற மாதிரி இருந்துச்சு. உதறினா விட்டுடும். ஆடற கொம்பை அது விட்டுடும்.

அவ உதறலை.

அழைப்பு மணி அடிச்சுச்சு.

அவரு கை அவ பக்கமா நீண்டு வந்துச்சு. கிரீஸ் வாடை. அவ முகவாய்க்கட்டைக்குக் கீழ ரெண்டு விரல். மெதுவா, மெதுவா முகத்தைத் தூக்குச்சு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கற மாதிரி.